மீதி மருந்து

ஆர்டர் நெருக்கும் நேரத்தில் எங்கள் பட்டாசுக் கம்பெனியில் ஒரு தப்பு வழக்கம் இருந்தது. சாயங்காலம் கலந்த வெடிமருந்து மிஞ்சினால், ராத்திரி தங்கித் தானாகச் சூடேறி வெடிக்கும் என்பதால், தண்ணீரில் கரைத்துக் கொட்ட வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் போர்மேன் கொட்ட விடமாட்டார். "மூடி வைம்மா, காலையில வெடியில அடைச்சுக்கலாம்" என்பார். ஒருநாள் அப்படி மீதி மருந்து வாளியை மூடி அறையில் வைத்தவள் நான். மறுநாள் காலை அதைத் திறந்தவர் என்னோடு வேனில் வருகிற சிநேகிதியின் புருஷன். அறையும் போயிற்று, அவரும் போனார்.

உள்ளே பீடி குடித்ததால்தான் வெடித்தது என்று மூன்றாம் நாளே ஊரெல்லாம் பேச்சு. பீடிப் புகை பட்டாலே முகம் சுளிக்கிற மனுஷன்! விசாரணையில் நானும் அப்படியே சொல்ல வேண்டும் என்றார் போர்மேன். சொன்னால் கம்பெனி திறக்கும், இல்லாவிட்டால் சீல்.

"அம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கக் காப்புக் கட்டியிருக்கேன் அண்ணாச்சி. பொய் சொல்ல மாட்டேன்."

அத்தோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். மறுநாள் சிரித்துக்கொண்டே வந்தார். "விசாரணைய அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் முடியத் தள்ளியாச்சு. காப்ப அவுத்துட்டு வந்து சொல்லும்மா."

அடப்பாவி மனுஷா! அம்மன் என்ன, மஞ்சள் காப்புக் கயிற்றிலா குடியிருக்கிறாள்? ஆனால் ஒரு நிமிஷம் எனக்கும் அப்பாடா என்றிருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

"ஊரே வேலையில்லாம நிக்கும். ஒனக்கு மட்டும் என்னடி தனிச் சாமி?" என்றார் வீட்டுக்காரர். சிநேகிதியே வந்து கையைப் பிடித்தாள். "போனவுக போயிட்டாக. பேரு கெட்டா கெட்டுட்டுப் போகுதுக்கா. நானும் அங்கனதான வேலைக்குப் போகணும்." வாளியை வைத்தது யார் என்று அவளுக்குத் தெரியாது. நானும் வாயைத் திறக்கவில்லை.

தீச்சட்டி எடுத்தேன். கை சுட்டது. அருளும் வரவில்லை, கனவும் வரவில்லை. அம்மன் எதிரே நின்றபோது, என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. தெரியாமல் இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி!

காப்பு அவிழ்த்த பிறகுதான் விசாரணை. "அவரு பீடி குடிக்கலைய்யா. அது முந்துன நாள் மீதி மருந்து. போர்மேன் வைக்கச் சொன்னாரு, வச்சது நான்" என்றேன்.

கம்பெனிக்கு சீல் வைத்தார்கள். இப்போது திருத்தங்கலில் ஓர் அச்சாபீசுக்குத் தாள் மடிக்கப் போகிறேன். பஸ்ஸில் பக்கத்து இடம் காலியாக இருந்தாலும் ஊர்ப் பெண்கள் உட்காருவதில்லை. சண்டை போடக்கூடத் தெம்பில்லை. அலுத்துப் போய்விட்டது.

மூன்று மாதம் பேசாமல் இருந்த சிநேகிதி ஒருநாள் குழாயடியில் என் முன்னால் வந்து நின்றாள்.

"வாளிய வச்சது நீதானாக்கா?"

"நான்தான்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவுக பீடி குடிக்கலைதான?"

"இல்ல தாயி. குடிக்கல."

"பள்ளிக்கூடத்துல எம் மகள பீடிக்காரன் மகள்னுதான் கூப்பிடுறாளுக. நான் சொன்னா அவ நம்ப மாட்டேங்கா. நீ வந்து சொல்லு. வாளிய வச்சதையும் சேத்துச் சொல்லு."

அவள் பின்னாலேயே நடந்தேன். விசாரணையில் சட்டென்று வந்த வார்த்தைகளை, அந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் கோத்துப் பார்த்துக்கொண்டே போனேன்.