கேரியர் இல்லாத சைக்கிள்

எங்கள் பக்கம் ஒருவன் சைக்கிளில் போனால், எதற்குப் போகிறான் என்பது கேரியரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பால் கேன் இருக்கும், தீவனக் கட்டு இருக்கும், இல்லையென்றால் பெண்டாட்டியாவது உட்கார்ந்திருப்பாள். என் சைக்கிளில் கேரியரே கிடையாது. வீட்டில் கார் நிற்கும்போது, ஐம்பதைத் தாண்டிய ஆள் கேரியர் இல்லாத சைக்கிளில் மலையைப் பார்த்துப் போனால் எங்கள் ஜனம் சும்மா விடுமா? கேலி செய்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அவர்கள் பரிதாபப்பட்டார்கள்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வேறு யாரும் இவ்வளவு சரியாகச் சொல்ல மாட்டார்கள். படிப்பு ஐந்தாவதோடு சரி. லேத்துக்கு முன்னால் நின்றே வளர்ந்தவன். சரவணம்பட்டியில் சோளக்காட்டுக்கு நடுவே பம்புசெட் பட்டறை போட்டபோது, இங்கே எவன் வருவான் என்று சிரித்தவர்கள் உண்டு. பிறகு அவர்களே என்னிடம் பம்பு வாங்கி, அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு அடுத்தவனைப் பார்த்துச் சிரிக்கப் போனார்கள். தொண்ணூறுகளில் பட்டறை தானாக ஓட ஆரம்பித்தது, நான் நாற்காலியில் உட்கார ஆரம்பித்தேன். ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் நடங்கள் என்றார் டாக்டர். போய்ச் சேர ஓர் இடம் இல்லாமல் நடப்பது எனக்குச் சரிப்படவில்லை. சைக்கிள் எடுத்தேன்.

கோட்டைமேட்டில் சைக்கிள் கடை வைத்திருந்த பாய் என் பழைய சிநேகிதர். கனமில்லாத வண்டியாகப் பார்த்து அவர் பூட்டிக் கொடுத்தார். மேடு ஏறும்போது மிதிக்க லேசாக இருக்க வேண்டும் என்று, பின்சக்கரத்துக்குப் பெரிய பல்சக்கரம் ஒன்றை நானே கடைந்து பல் வெட்டி மாட்டினேன். பாய் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

“மொதலாளி, தோசைக்கல்ல மாட்டி வெச்சிருக்கீங்க. வழியில பசிச்சா கழட்டி அடுப்புல வெச்சுக்கலாம்.”

அதே தோசைக்கல் அவருக்கும் ஒன்று செய்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். வாயை மட்டும் நிறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நாங்கள் இருவரும் கிளம்புவோம். துடியலூரைத் தாண்டித் தடாகம் பக்கம் திரும்பிவிட்டால் பஸ் சத்தம் நின்றுபோகும். செங்கல் சூளைப் புகை பனியோடு கலந்து தரையோடு தரையாகக் கிடக்கும். வேலியில் மயில் நிற்கும். எதிரே மலை. மாங்கரையில் தொடங்கி ஆனைகட்டி வரைக்கும் வளைந்து வளைந்து ஏறும் ரோட்டில் வெறும் சங்கிலிச் சத்தம்தான் கேட்கும். அந்தச் சத்தம் நான் செய்த சக்கரத்தின் சத்தம் என்கிற நினைப்பு எனக்கு டாக்டர் மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தது.

ஆனால் முழுக்க ஏற விட்டால்தானே? முதல் முறை ஒரு டிராக்டர்காரர் குறுக்கே நிறுத்தினார். எங்கள் பம்பு வாங்கியவர்.

“ஏனுங்க, காரு ரிப்பேருங்களா?”

“இல்லீங்க, ஊட்டுல நிக்குது.”

“அப்பறம் எங்கீங்க போறீங்க?”

“சும்மாதானுங்க.”

“சும்மாவா!” அவர் முகம் வாடிவிட்டது. “நீங்க ஒண்ணும் பேசாதீங்க. ஏறுங்க சொல்றேன்.”

சைக்கிளைத் தூக்கி டிரெய்லரில் போட்டுவிட்டார். சைக்கிள் கடைக்காரர் சைக்கிளில் போவதில் யாருக்கும் பரிதாபமில்லை என்பதால் பாயை மட்டும் விட்டுவிட்டார்கள். அவ்வளவு மரியாதையாகச் சொல்லும்போது மறுத்தால் அவரை அவமானப்படுத்திய மாதிரி ஆகிவிடும். அடுத்த முறை பால் வேன். அதற்கடுத்து இளநீர் ஏற்றிவந்த டெம்போ, அதுவும் ஒரு குலை இளநீரோடு. “ஊட்ல புள்ளைங்களுக்குக் குடுங்க” என்று டிரைவர் சொன்னபோது அவர் குரல் கம்மியதை நானே கேட்டேன்.

என் பெண்டாட்டி கேட்டருகே நின்று பார்ப்பாள். “போறப்ப ரெண்டு சக்கரத்துல போறீங்க, வாரப்ப நாலு சக்கரத்துல வாரீங்க. இந்த வயசுலயும் முன்னேறிட்டேதான் இருக்கீங்க.”

இதுவரைக்கும் சிரிப்புதான். அந்த நேரத்தில் என் மகளுக்கு உடுமலைப்பேட்டையில் ஒரு வரன் கூடி வந்திருந்தது. தென்னந்தோப்புக் குடும்பம். பையன் வந்து பார்த்து, இவளும் பார்த்து, இருவருக்கும் பிடித்துப் போயிற்று. உப்பு சர்க்கரை மாற்றி உறுதி செய்ய நாள் குறிப்பது மட்டும்தான் பாக்கி. அப்போது அவர்கள் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள்: “அவசரமில்லீங்க, தை போகட்டும், பாத்துக்கலாமுங்க.”

எங்கள் ஊரில் யாரும் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். ‘பாத்துக்கலாமுங்க’ என்றால் பார்க்கப் போவதில்லை என்று அர்த்தம். விசாரித்தால், பட்டறை நொடித்துவிட்டது, காரை எடுக்கவே பயந்து மனுசன் சைக்கிளில் போகிறார் என்று தடாகத்தில் கிளம்பிய பேச்சு உடுமலைப்பேட்டை போய்ச் சேர்ந்திருக்கிறது. பேச்சுக்கு மட்டும் யாரும் குறுக்கே டிராக்டரை நிறுத்தவில்லை.

“சைக்கிளுக்குப் பயந்துக்கற ஊட்டுக்கு நான் போகலீங்கப்பா” என்றாள் மகள். சொல்லிவிட்டுத் தட்டில் இருந்த இட்லியைத் தொடாமல் எழுந்து போனாள். அவள் அந்தப் பையனைப் பற்றிப் பேசாமல் இருந்த விதத்திலேயே எனக்கு எல்லாம் தெரிந்தது.

பெண்டாட்டி நேராக விஷயத்துக்கு வந்தாள். “ஏனுங்க, அந்தத் தோசைக்கல்லக் கழட்டி வெச்சுப்போட்டு, நாளைக்கே கார்ல உடுமலைப்பேட்டைக்கு ஒருக்கா போய்ட்டு வாங்க. நாலு பேரு பாக்கட்டும்.”

“நொடிஞ்சவந்தான் அம்மணி, கார எடுத்துட்டுப் போயி ஊருக்குக் காட்டுவான். எனக்கென்ன அவசியம்?” என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்று சாப்பாடு எனக்கும் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் பாயோடு கிளம்பினேன். மாங்கரையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியது. அன்றைக்கு ஒரு டிராக்டரையும் காணோம். பாதி மலை போயிருப்பேன், பின்னால் ஒரு கார் வந்து என் கூடவே ஊர்ந்தது. கண்ணாடி இறங்கியது. பையனுடைய அப்பா. டிரைவர் ஓட்ட, இவர் பின்சீட்டில். எதையும் நேரில் பார்த்துவிடலாம் என்று காலையிலேயே என் வீட்டுக்கு வந்து, நான் மலையில் இருப்பதாக என் பெண்டாட்டி சொன்னதும் இங்கேயே தேடி வந்துவிட்டார்.

“ஏனுங்க, ஏறுங்க. ஒறம்பரை சொந்தத்துக்குள்ள என்னங்க கூச்சம்?”

நான் நிற்கவில்லை. நிற்க முடியாது. அந்த மேட்டில் காலை ஊன்றினால் மறுபடி ஏறி மிதிப்பது நடக்காது.

“நின்னா... ஏற முடியாதுங்க... மேல வாங்க... பேசலாம்...”

“ஐயோ, வேர்த்து ஊத்துதுங்களே!”

“அதுக்குத்தானுங்க... வாரதே...”

இன்னும் ஒரு வளைவு கூடவே வந்தார். எங்கள் ஆட்கள் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வியை, தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைசியில் கேட்டேவிட்டார். “பட்டறை... நடக்குதுங்களா?”

எனக்கு மூச்சு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. மிதித்துக்கொண்டே ஆரம்பித்தேன். பட்டறை எப்படிப் பெருகியது, என் பம்பு எந்தெந்த ஊர்க் கிணற்றில் இறங்கியிருக்கிறது, பின்சக்கரத்தில் அவர் பார்க்கும் பல்சக்கரம் யார் கடைந்தது, இப்படி ஒன்று இந்த ஜில்லாவில் எவனிடமாவது உண்டா என்று ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பின்னால் வந்த பாய் குரல் கொடுத்தார்:

“கேட்டுப்போட்டீங்களா? இனி ஆனைகட்டி வரைக்கும் நிறுத்த மாட்டாருங்க. ஆனையே வந்தாலும் ஒதுங்கிப் போயிரும்.”

காலை ஊன்றாமல் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். இதை யாரும் எழுதி வைக்கவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். டீக்கடை பெஞ்சில் நான் சாய்ந்து கிடக்க, அவர் சைக்கிள் அருகே குந்தி உட்கார்ந்து பல்சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

“தப்பா நெனைக்காதீங்க. நொடிஞ்ச மனுசன் கார்ல ஏறுன்னா ஏறிக்குவாரு. இத்தன பெருமையும் பேச மாட்டாருங்க. வார வெள்ளிக்கெழம உப்பு சக்கரை மாத்திக்கலாமுங்க.”

டீயில் சர்க்கரை வேண்டாம் என்று நான் கடைக்காரரிடம் சொன்னேன். எனக்கும் வேண்டாம் என்று அவரும் சொன்னார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“உங்களுக்குமுங்களா?”

“ரொம்ப நாளாச்சுங்க. நடக்கச் சொல்றாங்க. எங்கீங்க நடக்கறது?” என்றவர், சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார். “எறக்கத்துல நான் ஓட்டிப் பாக்கட்டுங்களா?”

பாய் தன் சைக்கிளைக் கொடுத்துவிட்டு, கேட்பதற்கு முன்பே காரின் பின்சீட்டில் ஏறிச் சாய்ந்துகொண்டார். என் வருங்காலச் சம்பந்தி வேட்டியை மடித்துக் கட்டினார். முதல் வளைவில் பிரேக்கைப் பிடித்தபடி நடுங்கினார். மூன்றாவது வளைவில் “ஆய்ய்!” என்று கத்திக்கொண்டு என்னையே முந்திப் போனார். இறக்கத்தில் யார் வேண்டுமானாலும் முந்தலாம். அதை அவரிடம் அப்போதே சொன்னேன்.

அடிவாரத்தில் அதே பழைய டிராக்டர்காரர் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். கூட வந்தவரின் பட்டுக்கரை வேட்டியையும் கை மோதிரத்தையும் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

“ஏனுங்க, இவுங்களுமா?”

நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு சைக்கிளும் டிரெய்லரில் ஏறிவிட்டன. சம்பந்தி என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன்? மரியாதைக்குக் கூப்பிடுகிறார்கள். ஏறினோம்.

எங்கள் வீட்டுக்கு முன்னால் டிராக்டர் வந்து நின்றது. டிரெய்லரில் கம்பியைப் பிடித்தபடி நாங்கள் இருவர். பின்னாலேயே கார், அதில் கால்மேல் கால் போட்டபடி பாய். என் பெண்டாட்டி கேட்டைத் திறந்து ஒவ்வொருவரையாக ஏற இறங்கப் பார்த்தாள்.

“இத்தன நாளும் ஒருத்தரத்தான் கொண்டாந்து போட்டாங்க” என்றாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, “வாங்க சம்பந்தி, பாத்து எறங்குங்க” என்றாள்.

அந்த ஒரு வார்த்தை சமையல்கட்டு வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். உள்ளே ஏதோ ஒரு பாத்திரம் விழுந்தது. அதை எடுக்காமலே என் மகள் சிரிக்கும் சத்தம் வாசல் வரைக்கும் வந்தது.