வெள்ளி டப்பாவில் போட்ட மாத்திரை

நாலாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆணியும் தாழ்ப்பாளும் விற்றே மேற்குத் தாம்பரத்தில் மாடி வீடு கட்டினேன். கடை, ரயில் பாதைக்குக் கிழக்கே. ஸ்டேஷன் மேம்பாலம் ஏறி இறங்கினால்தான் கல்லாவில் உட்கார முடியும். எழுபதுகளில் ஒரு காலை, அந்தப் படியில்தான் என் நெஞ்சை முதன்முதலாக இறுக்கிப் பிடித்தது. டாக்டர், நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கொடுத்தார்.

என் சம்பந்திக்கும் அதே நோய், அதே டாக்டர், அதே மாத்திரை. ஊரப்பாக்கத்து ரிட்டயர்டு வாத்தியார். அவர் பிள்ளைதான் என் கடையில் கூடமாட இருக்கும் மருமகன். மகனைப் பார்க்க வரும்போதெல்லாம் என் வீட்டில் காபி குடித்துவிட்டு என்னோடு கடைக்குக் கிளம்புவார். பாலத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்து மாத்திரையை வைப்பார். கொஞ்சம் பொறுத்து, நிற்காமல் ஏறிவிடுவார். நான் பாதியில் கம்பியைப் பிடித்து நிற்பேன்.

"மெதுவா வாங்க சம்பந்தி, நான் மேல நிக்கிறேன்" என்பார்.

எனக்கு வயிறு எரியும். வாத்தியாருக்கு மட்டும் டாக்டர் நல்ல சரக்காகப் பார்த்துக் கொடுக்கிறார் என்றே நினைத்தேன். போதாததற்கு மருமகன் வேறு: "மாமா, நீங்க வூட்லயே ரெஸ்ட் எடுங்க, கல்லாவ நான் பாத்துக்கறேன்." அப்பன் பாலத்தைப் பிடித்தான், பிள்ளை கல்லாவைப் பிடிக்கப் பார்க்கிறான்!

ஒருநாள் பாதிப் படியில் வலி இடது தோள் வரை இறங்கியது. மாத்திரை வைத்தும் அடங்கவில்லை. சம்பந்தி இறங்கி வந்து என்னைப் படியிலேயே உட்கார வைத்தார். என் சட்டைப் பையில் இருந்த வெள்ளி டப்பாவை எடுத்துத் திறந்தார். ஏலக்காயோடு மாத்திரைகள் கிடந்தன.

"கண்ணாடி பாட்டில் எங்கே?"

"தூக்கிப் போட்டேன். வெள்ளி கீதே, கண்ணாடி இன்னாத்துக்கு?"

அவர் தன் பழுப்பு பாட்டிலிலிருந்து ஒன்றை என் நாக்கடியில் வைத்தார். சுள்ளென்றது. தலை விண்விண் என்று தெறித்தது. நெஞ்சுப் பிடிப்பு மெல்ல விட்டது. எழப் பார்த்தேன்.

"உக்காருங்க. சட்டுனு எழுந்தா கிறுகிறுன்னு விழுந்துடுவீங்க."

அவர் மாத்திரை வேலை செய்ததில் எனக்கு இன்னும் எரிந்தது.

அங்கிருந்து நேரே டாக்டரிடம் போனோம். "டப்பால போட்டதுல சத்தெல்லாம் ஆவியாப் போயிடுச்சு சார்" என்றார் டாக்டர். அதே பாட்டிலில் இறுக்கி மூடி வைக்க வேண்டும். உடம்புச் சூடு படும் சட்டைப் பையில் கூடாது. வலி வரட்டும் என்று காத்திராமல், ஏறுவதற்கு முன்பே உட்கார்ந்து வைக்க வேண்டும். வைத்தும் அடங்காவிட்டால் அங்கேயே உட்கார்ந்திராமல் உடனே வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும்.

புது பாட்டில் வாங்கினேன். வெறும் கண்ணாடியா நான் தூக்கித் திரிவேன்? ஆசாரியிடம் கொடுத்து, பாட்டிலுக்கு மேலே வெள்ளியில் கூடு செய்து கைப்பையில் வைத்தேன். மறுவாரம் பெஞ்சில் உட்கார்ந்து மாத்திரை வைத்து, பொறுத்து, உச்சிவரை நிற்காமல் ஏறினேன். சம்பந்தி பின்னால் வந்துகொண்டிருந்தார்.

"மெதுவா வாங்க சம்பந்தி, நான் மேல நிக்கிறேன்" என்றேன்.

மேலே வந்ததும் அந்தக் கூட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்க்கட்டும். நான் கிழக்கே இறங்கி, கல்லாவில் இருந்த மருமகனை எழுப்பிவிட்டு நானே உட்கார்ந்தேன்.