ஏரோப்ளேனுக்கு டிரைவர் பக்கம் எது?

மூன்று வருடங்களுக்கு முன்பு, சித்ரா பௌர்ணமி சமயத்தில் தொடங்கிய கதை இது. திருவண்ணாமலையில் வேங்கிக்கால் பக்கம் எனக்கு ஒரு கார் சீட் கவர் கடை இருக்கிறது. சீட் கவர், ஆட்டோ ஹூட், வேனுக்குத் திரை, கார் கண்ணாடிக்கு வெயில் மறைப்பு எல்லாம் தைத்துக் கொடுப்போம். கடை என் பெயரில்தான், மெஷினில் உட்காருவதும் நான்தான். இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைப் பார்த்ததும் "ஓனர் இல்லீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். "ஓனர்தான் பேசறேன், சொல்லுங்க" என்பேன். சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போன பதில் அது.

பௌர்ணமி என்றால் ஊருக்குள் வெளியூர் வண்டிகளை விடமாட்டார்கள். எல்லாக் காரையும் ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டுப் போக வேண்டும். அன்று எங்கள் கடைக்கு எதிரே இருந்த காலி மனையில் ஒரு கார் காலையிலிருந்து வெயிலில் நின்றுகொண்டிருந்தது. மதியம் அப்பா அம்மாவுடன் கிரிவலம் முடித்து வந்த ஒரு பெண், கதவைத் திறந்து ஸ்டியரிங்கைத் தொட்டதும் கையை உதறிக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தார். முப்பது வயது இருக்கும். வெயில் மறைப்பு ஒரு செட் வாங்கினார். வெளிப்பக்கம் வெள்ளித் துணி, உள்பக்கம் கறுப்புத் துணி, நடுவில் ஸ்பாஞ்ச். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதே மாதிரி ஒரு சின்ன ஏரோப்ளேனுக்குத் தைக்க முடியுமா?" என்று கேட்டார்.

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். "கப்பலுக்கே தைப்பேன், கொண்டாங்க" என்றேன்.

கிண்டல் இல்லை. எங்கள் ஊரிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் விமானம் ஓட்டப் பயிற்சி கொடுக்கிற பள்ளி ஒன்று இருக்கிறது. அவர் அங்கே ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாலு பேர் உட்காரும் குட்டி விமானங்கள், ஏசி கிடையாது. சுற்றிலும் கண்ணாடி. வெட்ட வெளியில் நிற்கும். பத்து மணிக்கு மேல் உள்ளே ஏறினால், இன்ஜின் ஸ்டார்ட் ஆவதற்குள் சட்டையைப் பிழியலாமாம். போன வாரம் ஒரு மாணவிக்குத் தரையிலேயே மயக்கம் வந்துவிட்டது என்றார். ஒரு விமானத்துக்கு மட்டும் செய்து காட்ட அனுமதி வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் வேன் டிரைவர். அவர் வாயில் எந்தச் சேதியும் ஒரு ராத்திரி தங்காது. மறுநாளே எங்கள் வரிசையில் குஷன் கடை வைத்திருக்கும் ஒருவர், "இன்னாம்மா, ஏரோப்ளேனுக்குப் பாவாடை தைக்கறியாமே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நான் இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து, பொம்பளை கையில் ஊசி இருந்தால் ஜாக்கெட்டு தைக்கணும் என்று சொல்லிக்கொண்டிருப்பவர் அவர்தான். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "ஆமாண்ணே, துணி மிச்சமானா உங்களுக்கும் ஒண்ணு தைக்கறேன்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, இனி இது வெறும் ஆர்டர் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கோட்டை விட்டால் அந்த வரிசையில் நான் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

அனுமதி கிடைத்ததும் அளவெடுக்க நானும் வீட்டுக்காரரும் போனோம். அங்கே விமானங்களைப் பராமரிக்கும் தலைமை இன்ஜினீயர், ஓய்வு பெறுகிற வயதில் ஒருவர். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னிடம் பேசாமல், எங்களை வரச்சொன்ன அந்தப் பயிற்சி மேடத்திடம், "ஆட்டோ ஹூட் தைக்கறவங்களை எல்லாம் கூட்டிக்கிட்டு வரீங்களா மேடம்?" என்று கேட்டார்.

அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். "சார், நெருப்பையே சாமியா கும்பிடற ஊர்ல இருந்து வரேன். வெயிலைப் பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம்."

வீட்டுக்காரர் என் முந்தானையை லேசாக இழுத்தார். நான் கண்டுகொள்ளவில்லை.

இன்ஜினீயர் கோபப்படவில்லை, ஆனால் சிரிக்கவும் இல்லை. இது கண்ணாடி இல்லை, ஒருவகை பிளாஸ்டிக், அதில் எதையும் ஒட்டவோ அழுத்தவோ கூடாது, சூட்டில் விரிசல் விடும் என்றார். அப்புறம் பந்தயம் மாதிரி ஒன்றைச் சொன்னார். இரண்டு விமானங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவார்கள். ஒன்றில் என் மறைப்பு இருக்கும், இன்னொன்றில் இருக்காது. உச்சி வெயிலில் ஏறிப் பார்ப்பார். வித்தியாசம் தெரிந்தால் எல்லா விமானத்துக்கும் நானே தைக்கலாம். தெரியாவிட்டால் மேடம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது, நான் அந்த கேட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. "சரிங்க சார்" என்றேன்.

அரை மணி நேரம்தான் கொடுத்தார்கள். கார் மாதிரிதான், இரண்டு பக்கமும் ஒரே அளவு, திருப்பிப் போட்டால் போச்சு என்று முன் கண்ணாடிக்கும் ஒரு பக்கத்து ஜன்னல்களுக்கும் மட்டும் நியூஸ் பேப்பரை வைத்து வெட்டிக்கொண்டேன். ஒரே ஒரு வித்தியாசம் இருந்தது. ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு ஜன்னல் மட்டும் திறக்கும். அதில் ஒரு கொக்கி துருத்திக்கொண்டு இருந்தது. அந்த இடத்தில் துணியை அரை வட்டமாகக் கொஞ்சம் பள்ளம் வெட்ட வேண்டும். மறந்துவிடக் கூடாது என்று நோட்டில் எழுதினேன்: டிரைவர் பக்கம், கொக்கி உண்டு.

வெள்ளித் துணி சென்னையிலிருந்து வர பத்து நாள் ஆனது. வந்ததும் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து தைத்தேன். ஓரத்துக்கு நல்ல பைப்பிங். பிளாஸ்டிக்கில் படாமல் ஜன்னல் சட்டத்தில் மட்டும் மாட்டிக்கொள்ள வெல்க்ரோ ஒட்டுப்பட்டி. அவ்வளவு நேர்த்தியாக என் மகள் கல்யாண வேலையைக்கூட நான் செய்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கொண்டுபோனோம். முன் கண்ணாடிக்கு வைத்தது கச்சிதமாக உட்கார்ந்தது. பின் ஜன்னல்களுக்கு வைத்ததை இடம் மாற்றி வைக்க வேண்டியிருந்தது. அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும், தட்டவில்லை. கதவு ஜன்னலுக்கு வந்தேன். டிரைவர் பக்கம் என்று நான் சீட்டு குத்தி வைத்திருந்த துண்டு உட்காரவில்லை. திருப்பி வைத்துப் பார்த்தேன். பள்ளம் சரியாகக் கொக்கியில் போய் உட்கார்ந்தது, ஆனால் வெள்ளி உள்ளே, கறுப்பு வெளியே!

இன்ஜினீயர் பின்னால் வந்து நின்றார். "கறுப்பு வெளிய இருந்தா வெயிலை வா வான்னு கூப்பிடுமே. உங்க ஊர்ல இப்படித்தான் போடுவாங்களா?" என்றார்.

துணியைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். என்ன தப்பு என்றே புரியவில்லை. வீட்டுக்காரர்தான் விமானத்துக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "ஏம்மா, இதுல ஓட்டறவங்க இடது பக்கம்தானே குந்தறாங்க?"

அவ்வளவுதான். டிரைவருக்கு வாழ்க்கைப்பட்டு, இருபது வருடமாக வண்டிகளுக்கே தைத்துக்கொண்டிருக்கிற எனக்கு டிரைவர் பக்கம் என்றால் வலது, கிளீனர் பக்கம் என்றால் இடது. அதில் யோசிக்க என்ன இருக்கிறது? அளவெடுத்த அன்று இடது பக்கம்தான் நின்றேன், கொக்கியைக் கையால் தொட்டும் பார்த்தேன். ஆனால் பத்து நாள் கழித்து நோட்டைப் பிரித்து 'டிரைவர் பக்கம்' என்று படித்ததும் என் கை தானாக வலது பக்கத்துக்கு வெட்டிவிட்டது. ஒருபக்கம் வெள்ளி, ஒருபக்கம் கறுப்பு என்று இருக்கிற துணி செருப்பு மாதிரி, இடதை வலதில் போட முடியாது.

மேடத்துக்கு என்னைப் பார்த்துப் பாவமாகிவிட்டது. "சார், அளவு எழுதும்போது நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்னு நினைக்கிறேன்" என்று இன்ஜினீயரிடம் சொன்னார். நல்ல மனசு. தலையை மட்டும் ஆட்டியிருந்தால் போதும், நான் தப்பித்திருப்பேன். அந்த ஒரு நொடி ஆட்டலாமா என்றுகூடத் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இருபது வருடமாக ஓனர் நான்தான் என்று எல்லோரிடமும் மல்லுக்கட்டுகிறவள், தப்பு வரும்போது மட்டும் அடுத்தவர் பின்னால் ஒளிந்துகொண்டால் அது என்ன ஓனர்?

"அவங்க ஒண்ணும் தப்பா சொல்லலீங்க சார். தப்பு என்னுது. லாரி, வேன் புத்தியில இடது வலது மாத்தி வெட்டிட்டேன்" என்றேன்.

"சரிம்மா. முயற்சி பண்ணீங்க. எடுத்துக்கிட்டு கிளம்புங்க" என்றார். அந்தக் குரலில் இருந்த இரக்கம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால்கூடக் கிளம்பியிருப்பேனோ என்னவோ.

"உச்சி வெயிலுக்குத்தானே சார் பார்க்கறேன்னு சொன்னீங்க? இன்னும் மணி பத்துகூட ஆகல. அதுவரைக்கும் நான் போக மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, விமானத்தின் இறக்கை நிழலில் ஒரு ரெக்சின் துண்டை விரித்து உட்கார்ந்தேன். வேலை செய்துகொண்டிருந்த மெக்கானிக்குகள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு கதவுத் துண்டுகளையும் மடியில் போட்டு யோசித்தேன். வலது பக்கத்துக்குப் போக வேண்டியதில் தேவையில்லாத பள்ளம் இருக்கிறது. இடது பக்கத்துக்குப் போக வேண்டியதில் பள்ளம் இல்லை. அப்படியென்றால் இடதில் வெட்டி எடுக்கிற துண்டு, வலதில் இருக்கிற ஓட்டைக்கு அளவெடுத்தது போல இருக்குமே! எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பேனாவால் குறித்து, கத்தரியை எடுத்துக் கண்ணை மூடாமல் வெட்டினேன். இன்னொரு தரம் தப்பினால் மாற்றுத் துணி கிடையாது.

கைத்தையல்தான், மெஷின் இல்லை. வெள்ளி நூலைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். பையில் இருந்தது ஆட்டோ சீட்டுக்குப் போடுகிற சிவப்பு நூல் மட்டும். "சிவப்பு பளிச்சுனு தெரியுமே" என்றார் வீட்டுக்காரர். தெரியட்டும் என்று ஊசியில் கோத்தேன். அவர் துணியை இழுத்துப் பிடித்துக்கொள்ள, மூன்று அடுக்கையும் சேர்த்துக் குத்தி வாங்கினேன். விரல் நுனியில் இரண்டு இடத்தில் ரத்தம் வந்தது. தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. பதினொன்றரைக்கு இரண்டையும் மாட்டினேன். வெள்ளி வெளியே, கறுப்பு உள்ளே. நூல் அளவு இடைவெளி இல்லை.

இரண்டு விமானங்களும் கதவை மூடிக்கொண்டு அக்கம்பக்கமாக நின்றன. ஒரு மணிக்கு இன்ஜினீயர் வந்தார். முதலில் மறைப்பு இல்லாததில் ஏறினார். சீட் பெல்ட்டின் இரும்பைத் தொட்டுவிட்டுச் சட்டென்று கையை எடுத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டே இறங்கினார். அடுத்து என்னுடையதில் ஏறினார். கதவைச் சாத்திக்கொண்டார். மேடம் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அவர் இறங்கவே இல்லை. உள்ளே சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, பாக்கெட்டிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. குளுகுளுவென்று இருந்திருக்காது, அது ஏசி இல்லை. ஆனால் மனுஷன் உட்காரலாம்.

இறங்கி வந்து, இந்தத் தடவை மேடத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார். "மத்ததுக்கும் தைச்சுடுங்க. இதுல மட்டும் அந்த சிவப்புத் தையலை எடுத்துட்டு, வேற புதுசு போட்டுக் குடுத்துடுங்கம்மா. பார்க்க நல்லா இல்ல."

"புதுசு மத்ததுக்கு எல்லாம் தைக்கறேன் சார். இது இப்படியேதான் இருக்கும்" என்றேன்.

அந்தச் சிவப்புத் தையலை விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்தார். பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். "இருக்கட்டும்" என்றார்.

மற்ற விமானங்களுக்கும் தைத்துக் கொடுத்துவிட்டேன். பாவாடை கதை பேசியவரிடம் போய் நான் எதுவும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரர் வாய் எதற்கு இருக்கிறது? நோட்டில் மட்டும் இப்போதெல்லாம் டிரைவர், கிளீனர் என்று எழுதுவதில்லை, இடது வலது என்றே எழுதுகிறேன். எல்லோர் முன்னாலும் தப்பு செய்தவளாக உட்கார்ந்திருந்த அந்த ஒன்றரை மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அவமானமாக இல்லை, ஏனென்றால் அன்று நான் தலை குனிந்தது தைப்பதற்காக மட்டும்தான்.