வீட்டில் இங்கிலீஷ் பேசிய ஏழு வாரம்

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் பேசியது மொத்தம் ஏழு வாரம். அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. அந்த ஏழு வாரமும் ஆசிரியர் நான்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. இப்போது கல்லூரியில் எல்லாப் பாடத்தையும் இங்கிலீஷில்தான் படிக்கிறேன். ஆனால் அந்த அளவு அதிகாரம் எனக்கு மறுபடி கிடைக்கவில்லை.

மூன்றாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்துவிட்டு, செஞ்சியிலேயே ஒரு தனியார் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். 'மே ஐ கோ டு டாய்லெட்' என்று கேட்கப் பழக ஒரு வாரம் ஆனது. அதற்கு மிஸ் சொல்லும் பதிலைப் புரிந்துகொள்ள இன்னொரு வாரம். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை என்று கவனித்த மிஸ், குற்றம் வீடுகளில்தான் இருக்கிறது என்று முடிவு செய்தார். தினமும் முப்பது நிமிடம் வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேச வேண்டும், பேசியதற்குப் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும் என்று டைரியில் எழுதி அனுப்பினார்.

மற்ற வீடுகளில் கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பினார்கள். என் நைனா, அதாவது அப்பா, அப்படிப்பட்டவர் இல்லை. எட்டாவதுவரை படித்தவர், பள்ளிக்கூடம் சொன்னால் செய்துவிட வேண்டும் என்று நினைப்பவர். அன்றே பஸ் ஸ்டாண்டுக்குப் போய், முப்பது நாளில் இங்கிலீஷ் பேச வைப்பதாக அட்டையிலேயே உறுதி கூறிய ஒரு புத்தகத்தை வாங்கி வந்தார். ஒவ்வொரு வாக்கியத்தையும் இங்கிலீஷில் ஒருமுறை, அதே இங்கிலீஷைத் தமிழ் எழுத்தில் ஒருமுறை, பொருளை ஒருமுறை என்று அதில் அச்சிட்டிருந்தது.

வீட்டில் நாங்கள் நாலு பேர். நைனா, அம்மா, நான், நைனாவின் தம்பியான சித்தப்பா. அண்ணனும் தம்பியும் சேர்ந்து மோட்டார் வைண்டிங் கடை நடத்தினார்கள். சிங்கவரம், அனந்தபுரம் பக்கமிருந்து புகைந்துபோன கிணற்று மோட்டார்கள் மொபெட்டில் கால்களுக்கு நடுவே உட்கார்ந்து வந்து சேரும். கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார்கள். தாத்தா பாட்டி இருவரும் இறந்தபோது சித்தப்பாவுக்குப் பதின்மூன்று வயதாம். அதற்குப் பிறகு வளர்த்ததும், பாலிடெக்னிக்கில் சேர்த்து டிப்ளமோ முடிக்க வைத்ததும் நைனாதான். தம்பி படித்து முடித்த கையோடு கடைக்கு 'பிரதர்ஸ்' என்று புது போர்டு மாட்டினார். போர்டு மாட்டிய அடுத்த வாரமே, வெளியூரில் வேலை தேடப்போவதாகச் சித்தப்பா சொன்னார்.

அங்கிருந்துதான் சண்டை. கடையில் ஆட்கள் வந்துபோவதால் அங்கே பேச மாட்டார்கள். ஏழு மணிக்குக் கடை மூடி, வீட்டுக்கு வந்து கைகால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பமாகும்.

"எவன்கிட்டயோ போயி கைகட்டி நிக்கறதுக்கா உன்ன படிக்க வெச்சேன்?"

"நான் இன்னா கடைய இழுத்து மூடுன்னா சொல்றேன்? கொஞ்ச நாள் வெளிய பாக்கறேன்றேன்."

"வெளிய இன்னாடா இருக்குது வெளிய? போர்டு மாட்டி முழுசா ஒரு மாசம் ஆவல."

"என்ன கேட்டா மாட்டுன?"

இந்த இடத்தில் நைனா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். சில நாள் சித்தப்பா முந்திக்கொள்வார். அம்மா இரண்டு தட்டையும் மூடிவைத்துவிட்டு, "நான் ஆக்கறது தப்பு," என்று பொதுவாகச் சொல்வார். வாரத்தில் நாலு நாளாவது இது நடந்தது. எழுந்த வேகத்தில் சித்தப்பா ஒருநாள் அப்படியே வாசலைத் தாண்டிப் போய்விடுவார், திரும்பி வரவே மாட்டார் என்பது என் பயம். என்னை பைக்கில் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுபவர் அவர்தான். வகுத்தல் கணக்கை அடிக்காமல் சொல்லித் தரக்கூடிய ஒரே ஆளும் அவர்தான்.

இங்கிலீஷ் நேரம் ஏழரை முதல் எட்டு என்று நைனா முடிவு செய்தார். விதிகளை நான் போட்டேன். டிவி கிடையாது. தமிழில் ஒரு வார்த்தை பேசினால் ஒரு தோப்புக்கரணம்.

முதல் இரண்டு நாள் வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா மட்டும்தான் எந்த விதியையும் மீறாமல் சரளமாகப் பேசினார். "குக்கர் த்ரீ விசில். கேஸ் ஆஃப்." "டேங்க் ஃபுல். மோட்டார் ஆஃப்." "கரண்ட் கட்." இத்தனை நாளும் பாதி இங்கிலீஷில்தான் பேசிக்கொண்டிருந்தோம் என்று கண்டுபிடித்தவர் அவர்.

மூன்றாம் நாள் புத்தகத்தை எடுத்தோம். அம்மாவின் முறை வந்தபோது, "மை பிரதர் இஸ் எ டாக்டர்," என்று படித்தார். என் மாமா மினி பஸ் ஓட்டுகிறவர். "பொய் சொல்றாங்க," என்று நான் கத்தியதில் எனக்கே இரண்டு தோப்புக்கரணம் விழுந்தது. சித்தப்பா எட்டு மணி ஆகும்வரை காத்திருந்து எனக்கு விளக்கினார். "இங்கிலீஷ்ல சொல்றதெல்லாம் நெசமா இருக்கணும்னு இல்ல பாப்பா. சும்மா வாய் பழகறதுக்கு. யாரும் மனசுல வெச்சுக்க மாட்டாங்க."

இது எல்லாருக்கும் பிடித்துப்போனது. மறுநாள் நைனா, "ஐ ஹேவ் டூ எலிஃபன்ட்ஸ்," என்றார். தன்னிடம் மூன்று இருப்பதாகச் சித்தப்பா சொன்னார். அண்ணனின் யானைகள் ஒல்லி என்றும் சொன்னார். "எலிஃபன்ட் வாஷிங், நாட் மீ," என்று அம்மா சமையலறையிலிருந்து தெரிவித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா என்னைக் கோட்டை அடிவாரத்துக்கு அழைத்துப்போனார். வெள்ளைக்காரர்களிடம் பேசினால் சீக்கிரம் பழகும் என்றார். தொப்பி போட்ட ஒருவரிடம் போய் நான் பெயர் கேட்டேன். அவர் புதுச்சேரியிலிருந்து வந்திருந்த பிரெஞ்சுக்காரர். ஒவ்வொரு வார்த்தையையும் ஆகாயத்தில் தேடி எடுத்துப் பதில் சொன்னார். "இவருக்கும் நம்ம புக்குதான் போலக்குது," என்றார் சித்தப்பா. ஆனாலும் அவரை விடாமல், ஊர், படிப்பு, செய்த வேலை என்று தன்னைப் பற்றியே கால்மணி நேரம் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பிரெஞ்சுக்காரருக்கு இதெல்லாம் எதற்கு என்று எனக்குத் தோன்றியது. 

இதற்கிடையே நான் ஒன்றைக் கவனித்தேன். ஏழரை முதல் எட்டுவரை யானை. எட்டு அடித்து ஐந்து நிமிடத்தில் போர்டு, கடை, தட்டு. மனிதர்கள் அதே மனிதர்கள், மாறியது மொழி மட்டும். சண்டை போடத் தேவையான வார்த்தைகள் அவர்களிடம் இங்கிலீஷில் இல்லை என்ற முடிவுக்கு வந்தேன். மூன்றாம் வாரம் திங்கட்கிழமை, இனிமேல் தூங்கும்வரை இங்கிலீஷ் என்று மிஸ் சொல்லிவிட்டதாக வீட்டில் அறிவித்தேன்.

அம்மா தோசைக்கரண்டியோடு வெளியே வந்தார். "உங்க மிஸ்ஸுக்கு வீடு வாசல் சீரியல் ஒண்ணும் கெடையாதா?" அப்போது மணி ஏழே முக்கால். மிஸ், சீரியல் இரண்டையும் கழித்து அம்மாவுக்கு ஐந்து தோப்புக்கரணம் போட்டேன். நைனா டைரியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "ஓகே, மிஸ்," என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். டைரியில் 30 என்று எண்ணில்தான் எழுதியிருந்தது. எண்ணைப் படிக்க நைனாவுக்கு யார் உதவியும் தேவையில்லை. இது எனக்குத் தோன்றவே பல வருடம் ஆயிற்று.

பிறகு நாலு வாரத்துக்கு மேல் வீட்டில் ஒரு சண்டையும் இல்லை. எல்லாத் தட்டும் காலியாகக் கழுவப்போயின. இங்கிலீஷ் பேசினால் வீட்டில் சண்டை வராது என்று மிஸ்ஸிடம் சொன்னேன். மிஸ் அதை வகுப்பில் எல்லாருக்கும் சொன்னார்.

ஏழாம் வாரச் சனிக்கிழமை நான் தேர்வு வைத்தேன். ஒவ்வொருவரும் எழுந்து நின்று தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும், பத்துக்கு மார்க். சித்தப்பா முதலில் எழுந்தார். சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஐ காட் எ ஜாப்."

எங்கே என்று சொன்னால்தான் முழு வாக்கியம் என்றேன்.

"ஐ காட் எ ஜாப் இன் ஹோசூர். மோட்டார் கம்பெனி. ஐ கோ ஆன் மண்டே."

"ஐ வில் கோ," என்று திருத்தினேன்.

"ஐ வில் கோ ஆன் மண்டே," என்று திருப்பிச் சொன்னார். என்னைப் பார்க்காமல் நைனாவைப் பார்த்துச் சொன்னார்.

யானைகளைவிட இது நம்பும்படியாக இருந்ததால் கைதட்டினேன். அம்மா தட்டவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றார். நைனா மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, பக்கத்தைப் புரட்டாமல் உட்கார்ந்திருந்தார். அவர் முறை என்று நினைவூட்டினேன்.

"ஹூ வில் சீ ஷாப்?"

"லுக் ஆஃப்டர்," என்றேன்.

"ஹூ வில் லுக் ஆஃப்டர் ஷாப்?"

"யூ," என்றார் சித்தப்பா. பிறகு, "ஐ ஆம் சாரி, அண்ணா," என்றார்.

அண்ணா என்பது தமிழ். ஒரு தோப்புக்கரணம் என்றேன். "விடு பாப்பா," என்றார் நைனா. அது இன்னும் இரண்டு. நான் ஒன்றையும் விடவில்லை. இருவரும் எதிரெதிரே நின்று காதைப் பிடித்துக்கொண்டார்கள். நான் இங்கிலீஷில் எண்ணினேன். இரண்டாவதில் நைனா உட்கார்ந்தவர் எழக் கொஞ்சம் தாமதமானது. சித்தப்பா கைகொடுத்துத் தூக்கினார். தூக்கிய பிறகும் கையை விடவில்லை. உதவி செய்யக் கூடாது என்று எச்சரித்தேன்.

ஒருவர் சாரி சொன்னால் மற்றவர் 'நெவர் மைண்ட்' சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் பாடத்தில் அப்படித்தான் இருந்தது. நைனாவுக்கு எடுத்தும் கொடுத்தேன். அவர் அதைச் சொல்லவில்லை.

"ரூம்?" என்று கேட்டார்.

"யெஸ். த்ரீ ஃப்ரெண்ட்ஸ்."

"ஹூ குக்கிங்?"

"ஐ ஆம் குக்கிங்."

"டேஞ்சர்," என்றார் அம்மா. சித்தப்பா சிரித்தார். நைனா சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"ஹோசூர் கோல்ட்," என்றார் நைனா. "டேக் ஸ்வெட்டர்."

"ஐ வில் டேக்."

சித்தப்பாவுக்கு ஒன்பது மார்க். அம்மா பேசிய ஒரே வார்த்தை சரியாக இருந்ததால் ஏழு. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே யாராவது ஒரு பாடத்தையே படித்து முடித்துவிடலாம் என்ற அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டதால் நைனாவுக்கு நாலு.

திங்கட்கிழமை காலை கூடத்தில் சித்தப்பாவின் பெரிய பை கட்டி வைத்திருந்தது. எங்கே போகிறார் என்று அம்மாவிடம் கேட்டேன். "சனிக்கிழமையே சொன்னாரே. நீதான கைதட்டுன," என்றார் அம்மா.

பஸ் ஸ்டாண்டுவரை நானும் போனேன். இது காலை, தமிழுக்குத் தடையில்லாத நேரம். அதனால் வழியெல்லாம் சண்டைக்காகக் காத்துக்கொண்டு வந்தேன். சண்டை வந்தாலாவது சித்தப்பா போகாமல் நின்றுவிடுவார் என்றுகூட இருந்தது. இரண்டு பேரும் பையின் ஜிப் சரியாக மூடவில்லை என்பதைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள். புதுச்சேரியிலிருந்து வரும் பெங்களூர் பஸ் வந்தது. நைனாவே ஏறிப் பையை மேலே வைத்து, ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கினார்.

"போயி போன் பண்ணு."

"பண்றேன். வெயில்ல நிக்காத, கெளம்பு."

பஸ் போய்விட்டது. நைனா கிளம்பவில்லை. நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "சித்தப்பா திரும்பி வந்து நம்ம வூட்ல இருப்பாரா நைனா?"

"ஐ டோண்ட் நோ," என்றார்.

"இப்ப தமிழ்லயே பேசலாம் நைனா. காலைலதான."

அவர் தலையை ஆட்டினார். "நோ. இங்கிலீஷ் ஓகே," என்றார், பஸ் போன சாலையைப் பார்த்தபடியே. உச்சரிப்பில் ஒரு தவறும் இல்லை. நைனாவுக்கு ஒருவழியாக இங்கிலீஷில் ஆர்வம் வந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பள்ளிக்கு நேரமாகும்வரை அவர் பேசிப் பழகட்டும் என்று அனுமதித்தேன்.