சாலமன் தீவுகளுக்கு ஒரு பெட்டித் தண்ணீர்

சாலமன் தீவுகளில் இனி மழையே பெய்யாது என்று இன்று காலை நம்பிவிட்டேன். அங்கே ஆசிரியையாக இருக்கும் என் மகளுக்கு மழைநீர்தான் குடிநீர், கைக்குழந்தை வேறு. இணையத்தில் பார்த்த பருவகால முன்னறிவிப்போ, "இயல்பைவிடக் குறைந்த மழைக்கே வாய்ப்பு அதிகம்" என்கிறது. ராமநாதபுரத்துக்காரன் பதறுவதற்கு இது போதாதா?

நாளை அவளிடம் போக விமானம். நான் வசிக்கும் ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில், ஸ்டேஷன் பக்கத்துத் தமிழ்க் கடையில், ஒரு பெட்டித் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பசிபிக்கைக் காப்பாற்ற நிற்கிறேன். கடைக்கார அக்கா யாழ்ப்பாணத்துக்காரர்.

"இவ்வளவு தண்ணியை எங்கை கொண்டு போறியள், அண்ணை?"

விவரம் சொல்கிறேன்.

"குறைவெண்டால் இல்லையெண்டே அர்த்தம்? என்ர மனிசனும் வழமையை விடக் குறைவாத்தான் சாப்பிடுறன் எண்டுறார். ரெண்டு நீத்துப்பெட்டி புட்டு முடியுது. அங்கை வழமையா எவ்வளவு மழை?"

அதை நான் பார்க்கவேயில்லை. எங்கள் ஊர் மழையை மனதில் வைத்து அதிலிருந்து கழித்திருக்கிறேன்.

"கடையிலை வெளிநாட்டுக்குக் கதைக்கிற போன் பூத் சும்மாதான் கிடக்கு. மகளைக் கேளுங்கோ."

மகள் எடுக்கிறாள். தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தத்தில் என் பேச்சு அவளுக்குக் கேட்கவில்லை. மழை விட்டபிறகு கூப்பிடச் சொல்லிக் கத்திவிட்டு வைத்துவிடுகிறாள்.