பிழியக் கூடாது

மாடிவீட்டு அக்கா காலையிலேயே 'போட்டுவிடுகிறார்' என்பது எங்கள் தெருவின் கண்டுபிடிப்பு. சாட்சியங்கள் பலமானவை. மதுக்கூடத்து வண்டி தினமும் அவர் வாசலில் நிற்கிறது. விரல்கள் எப்போதும் சிவந்திருக்கின்றன. தனியாக வேறு பேசுகிறார். தெருவுக்கு இது தாராளம். எனக்குப் போதவில்லை, மோந்து பார்த்துவிடலாமென்று படியேறினேன்.

அக்கா ஸ்ட்ராபெர்ரிகளை விசாரித்துக்கொண்டிருந்தார். "நீ புளிக்கிறே, உனக்கு இன்னொரு கரண்டி. நீ ஏன்டா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே?" நறுக்கிய பழம், அதன்மேல் சர்க்கரை, மறுபடி பழம். மூடி போட்டு ஓர் இரவு ஃபிரிட்ஜில். அடுப்புக்கு வேலையே இல்லை. "சூடு காட்டினா ஜாம் வாசனை வந்துரும். அப்புறம் ரொட்டியிலதான் தடவணும்." மறுநாள், ஊறி இளகியதைத் துணிப்பையில் கட்டித் தொங்கவிட்டால் சொட்டுச் சொட்டாக இறங்கும். கண்ணாடிபோலத் தெளிந்த அந்தச் சிவப்புதான் காக்டெயிலுக்குப் போகிற சிரப்.

போதை விவகாரத்தை நைசாக எடுத்தேன். "நானா? இருமல் மருந்தையே மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிக்கிற ஆளு நான்!" கசந்துபோன கறுப்பு டீயில் கலந்துதான் சிரப்பைச் சோதிக்கிறாராம். சரக்கோடு சேர்த்து ருசி பார்க்கும் பொறுப்பைக் கணவர் பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டார். மனு நிலுவையிலேயே இருக்கிறது.

ஒரே ஒரு சட்டம்: துணியைப் பிழியக் கூடாது. பிழிந்தால் சிரப் கலங்கிவிடும். இன்னொரு முறை கலங்கி வந்தால் தொழிற்சாலை பாட்டிலுக்கு மாறிவிடுவேன் என்று மதுக்கூடக்காரர் எச்சரித்திருந்தார். கணவருக்கு வேலை போனபிறகு, அந்த வீட்டில் உலை கொதிப்பது இந்தச் சொட்டுகளில்தான்.

அக்கா போனை எடுக்க அந்தப் பக்கம் போனார். நாலு நாள் தங்க வந்திருந்த நாத்தனார் இந்தப் பக்கம் வந்தார். முந்தின நாள் ஊறவைத்த பழம் பையில் தொங்கிச் சொட்டுவதைப் பார்த்தார். பரிதாபப்பட்டார். "என்ன இது, இப்படி அழுதுக்கிட்டிருக்கு? ஒரே பிழி, வேலை முடிஞ்சுது!" நான் வாயைத் திறப்பதற்குள் முடிந்தேவிட்டது. நல்ல கை. பையில் சக்கைகூடச் சுருண்டுபோனது.

அக்கா திரும்பி வந்து பாத்திரத்தைப் பார்த்தார். "கை இருந்தா போதுமா, மேலே ஒண்ணு வேணாமா? இனி இந்த அடுக்களைக்குள்ள காலை வெக்காதே!" நாத்தனார் கண்ணைக் கசக்கிக்கொண்டு பெட்டியை அடுக்கத் தொடங்கினார். யார் பக்கம் என்று கேட்கப்படுமுன் கணவர் குப்பை கொட்டக் கிளம்பினார், காலிக் கூடையோடு.

வேறு வழியில்லாமல் அந்தக் கலங்கல்தான் மதுக்கூடத்துக்குப் போனது. தலை தப்புமா என்று அக்கா போனையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாராம். மாலையில் அது அடித்தது, மதுக்கூடக்காரர்தான். "அக்கா, என்ன பண்ணீங்க? பாக்கக் குட்டை மாதிரி இருக்கு, ருசி தூக்குது! ரெண்டாவது கிளாஸ் கேக்காத ஆள் இல்லை. இனிமே இதுதான் வேணும்."

மறுநாள் அக்கா தானே பிழிந்து அனுப்பினார். எப்படி? குழந்தைக்கு மூக்குத் துடைப்பதுபோல. வண்டி அதைத் திருப்பிக் கொண்டுவந்தது. "இது ரெண்டுங்கெட்டானா இருக்கு அக்கா. நேத்து மாதிரி அனுப்புங்க, இல்லேன்னா பாட்டில்தான்."

அன்று மாலை நான் மீண்டும் போனபோது நாத்தனார், முந்தின நாளிலிருந்து அடுக்கிய பெட்டியும் கையுமாக வாசலில் நின்றார். பஸ் எப்போதோ போயிருக்கும். அவருக்கு அவசரம் தெரியவில்லை. உள்ளே பழம் நிறைந்த பை காத்திருந்தது.

"பிழிஞ்சுட்டுப் போயேன்," என்றார் அக்கா, சுவரைப் பார்த்து.

"பிழியலாம். 'மேலே ஒண்ணு வேணாமா'ன்னு கேட்டீங்களே அண்ணி, அதுக்கு ஒரு வார்த்தை பாக்கியிருக்கு."

"அதெல்லாம் ஒரு பேச்சா?"

"அன்னிக்குப் பேச்சாத்தானே இருந்துச்சு?"

அக்கா தன் ஏப்ரனைக் கழற்றி, உதறி, நாத்தனாரின் பின்னால் போய் நின்று இடுப்பைச் சுற்றிக் கட்டத் தொடங்கினார். அங்கே நின்றால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. முதுகிடம் ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல அண்ணி," என்றார் நாத்தனார், இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்தபடி.

முடிச்சு எப்போதோ விழுந்துவிட்டது. அக்கா இன்னும் கட்டிக்கொண்டே இருந்தார்.