முறுக்காத நட்டுக்குப் பொட்டு

என் மருமகன் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. பேத்திக்குப் பல் முளைத்துவிட்டது, கோபம் அப்படியே இருக்கிறது. நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு மனசுக்குள் இதை வைத்துக்கொண்டு திரியக் கூடாது என்று எனக்கும் தெரியும். பிரதோஷத்துக்குக் குடுமியான்மலைக்குப் போகும்போதெல்லாம், இதைக் கொஞ்சம் எடுத்துவிடு சாமி என்று கேட்டுக்கொண்டுதான் வருகிறேன். மற்றதையெல்லாம் கேட்ட சாமி இதை மட்டும் கேட்க மாட்டேன் என்கிறது. எழுதினாலாவது இறங்குகிறதா பார்ப்போம்.

நான் அன்னவாசலில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறேன். எட்டாவதோடு படிப்பு நின்றது. எங்களுக்கு ஒரே மகள். தலைப் பிரசவத்துக்காக வளைகாப்பு முடித்துக் கூட்டி வந்திருந்தோம். வலி எடுத்தால் புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதற்குத்தான் என் பழைய வெள்ளைக் காரைத் தயாராக வைத்திருந்தேன். டயரில் காற்று, டேங்க் நிறையப் பெட்ரோல், பின் சீட்டில் துவைத்த போர்வை. வேறு எந்த வேலைக்கும் அதை எடுப்பதில்லை என்று வைத்திருந்தேன். கடைக்குக்கூட பைக்கில்தான் போனேன். நடுவழியில் நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான் என் கவலை.

மருமகன் துபாயில் ஏசி மெக்கானிக். பிரசவத்துக்காக லீவு போட்டு வந்திருந்தார். நல்ல பிள்ளைதான். அதில் குறை சொல்ல மாட்டேன். வந்த மறுநாள் மகளை என் காரில் உட்கார வைத்துப் பரம்பூர் பக்கம் ஒரு சுற்று போய் வந்தார். வந்தவர், "மாமா, வளைவுல வண்டி ரொம்பச் சாயுது. வயித்துப் பிள்ளையோட அவ அங்கிட்டும் இங்கிட்டும் ஆடுறா," என்றார். நான் மெதுவாகப் போனால் சாயாது மாப்ள என்றேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. நாலு நாளில் ஒரு நீளப் பெட்டி கூரியரில் வந்தது.

உள்ளே ஒரு சிவப்புக் கம்பி. இரண்டு முனைக்கும் தட்டையான இரும்புத் தகடு, ஒவ்வொன்றிலும் ஓட்டைகள். பானட்டைத் திறந்தால் இஞ்சினுக்கு இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பரின் தலை பாடியில் வந்து உட்காரும் இடம் இருக்கிறது அல்லவா, அங்கே மேலே மூன்று மூன்று நட்டு இருக்கும். அந்த நட்டுகளைக் கழட்டி, தகட்டை உட்கார வைத்து, திரும்ப நட்டைப் போட்டு முறுக்க வேண்டும். அப்புறம் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவில் கம்பி குறுக்கே நிற்கும். அது நின்றால் வண்டி வளைவில் திமிறாது என்றார். பள்ளத்தில் தூக்கிப் போடுவதற்கு இது என்ன செய்யும் என்று கேட்டேன். அவர் பெட்டிக்குள் வேறு என்ன இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார்.

நம்ம மெக்கானிக்கிடம் கொண்டுபோய் மாட்டிக்கொள்ளலாம் என்றேன். "ஆறு நட்டு மாமா. இதுக்குப் போயி மெக்கானிக்கா? ஆளு பாத்தா சிரிப்பான்," என்றார். என் மகனாக இருந்தால் பெட்டியை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டியிருப்பேன். மருமகன். பொண்ணைக் கொடுத்த இடம். வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க என்ற மூன்றையும் தாண்டி ஒரு மாமனார் மருமகனிடம் என்ன பேச முடியும்? சத்தம் கொஞ்சம் கூடிவிட்டால் மகளின் முகம் வாடும், சம்பந்தி வீட்டுக்குச் செய்தி போகும். வாயை மூடிக்கொண்டேன்.

என் மனைவி அதற்குள் காலண்டரைப் பார்த்துவிட்டாள். வெள்ளிக்கிழமை நல்ல நாள், பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் மாட்டிப் பூசை போட்டுவிட வேண்டும் என்றாள். வண்டிக்குப் புதுசாக ஒரு சீட் கவர் போட்டாலும் எங்கள் வீட்டில் எலுமிச்சை வைக்காமல் எடுக்க மாட்டோம். அது நானே ஏற்படுத்திய வழக்கம். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மருமகன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். செல்போனை பேட்டரி மேல் சாய்த்து வைத்து, எந்த ஊர்க்காரனோ என்ன பாஷையோ, ஒருவன் இதே கம்பியை மாட்டும் வீடியோவை ஓட்டிக்கொண்டார். அந்த வீடியோக்காரனுக்கு எல்லாம் ஒரு நொடியில் உட்கார்ந்தது. இங்கே தகட்டின் ஓட்டையில் பெயிண்ட் தடிப்பாக இருந்ததால் தகடு ஸ்க்ரூவின் மேல் இறங்கவில்லை. அரத்தை எடுத்து ராவ ஆரம்பித்தார். இடது பக்கம் ராவி முடித்தால் வலது பக்கம் இறங்கவில்லை. எனக்குக் கடையில் புண்ணாக்கு லோடு வந்து நின்றது. போய்விட்டு வந்தேன்.

நான் திரும்பி வந்தபோது கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. கம்பியின் நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு பொட்டு. கம்பியில் மஞ்சள் கயிறு. நாலு சக்கரத்தின் கீழும் எலுமிச்சை. மகள் வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். முறுக்கியாச்சா மாப்ள என்று கேட்டேன்.

"கையால முறுக்கி வச்சிருக்கேன் மாமா. பூசை முடிஞ்சதும் ஸ்பேனரப் போட்டு ஒரு திருகு, அம்புட்டுதான்."

மருமகன் வண்டியை முன்னால் நகர்த்தினார். எலுமிச்சை நசுங்கியது. நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் இறங்கி ஸ்பேனரைக் கையில் எடுத்தார். மணி பத்தரை ஆகிவிட்டது. என் மனைவி ஸ்பேனரை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டாள். பூசை போட்ட பொருளில் ராகு காலத்தில் இரும்பு போடக் கூடாதாம், பன்னிரண்டுக்கு மேல் செய்து கொள்ளலாமாம். யாரும் தெரியாமல் எடுத்துவிடப் போகிறார்கள் என்று ஸ்பேனர் செட்டையே கொண்டுபோய்ச் சாமி ரூமில் முருகன் படத்துக்கு முன்னால் வைத்தாள். ஸ்பேனருக்கும் ஒரு பொட்டு. அவள் அதைச் செய்யும்போது எனக்குச் சரியாகத்தான் பட்டது. ஒன்றரை மணி நேரந்தானே என்று நான் கடைக்குப் போய்விட்டேன்.

பன்னிரண்டு வந்தது, போனது. எங்கள் வீட்டில் பூசை போட்டுவிட்டால் வேலை முடிந்த மாதிரி. மருமகன் குளித்தார், பாயசத்தோடு சாப்பிட்டார், படுத்தார்.

சாயங்காலம் தேநீர் நேரத்தில் மனைவி போன் செய்தாள். மகளுக்கு வலி எடுத்துவிட்டது. கடையை அப்படியே பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு ஓடினேன். பின் சீட்டில் மகளும் என் மனைவியும், முன்னால் மருமகன், ஓட்டுவது நான். அன்னவாசல் தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. தாண்டியதும், பாலம் வேலைக்காக ரோட்டை வெட்டிப் போட்டிருந்த இடத்தில் வண்டி இறங்கி ஏறியது. முன்னால் இடது பக்கம் டக்கென்று ஒரு சத்தம். என்ன மாப்ள சத்தம் என்றேன். "புது சாமான் மாமா, அப்புடித்தான் இருக்கும். செட்டாயிரும்," என்றார்.

இன்னும் கொஞ்ச தூரம் போனோம். டக். டக். ஸ்டியரிங் கைக்குள் நடுங்கியது. பின்னால் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள்.

"மாப்ள, ஸ்பேனர் போட்டீங்கள்ல?"

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓரங்கட்டி நிறுத்திவிட்டு பானட்டைத் திறந்தேன். இடது பக்கத்தில் ஒரு நட்டு இல்லவே இல்லை. மற்ற இரண்டும் கழன்று மரை உச்சிவரை ஏறி, விழவா வேண்டாமா என்று நின்றன. சந்தனம் கலையவில்லை. மஞ்சள் கயிறு கட்டியது கட்டியபடி இருந்தது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஸ்பேனர் எங்கே என்றேன். பின் சீட்டிலிருந்து என் மனைவி மெதுவாகச் சொன்னாள்.

"சாமி ரூம்ல இருக்குங்க."

நான் பச்சைத் தண்ணீர் குடிப்பதானாலும் சாமி பேரைச் சொல்லிவிட்டுக் குடிக்கிறவன். அதனால்தான் இத்தனை கோபம் வந்தது. சாமிக்கு என்ன, நட்டு முறுக்குகிற வேலையா கொடுத்திருக்கிறோம்? செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, இனிமேல் உன் பொறுப்பு என்று கொண்டுபோய் வைத்தால் அது பூசை. பாதியில் விட்டுவிட்டு மேலே பொட்டு வைத்தால் அது சாமியை ஏமாற்றுவது. என் பிள்ளை உயிர் அந்த நட்டுகளின் மேல் உட்கார்ந்திருந்தது. அவள் வயிற்றுக்குள் இன்னொன்று இருந்தது.

108-க்குப் போன் போட்டுக்கொண்டிருக்கும்போதே புதுக்கோட்டை போகிற மினி பஸ் வந்துவிட்டது. நடு ரோட்டில் நின்று கையை நீட்டினேன். கண்டக்டர் மகளைப் பார்த்ததும் முன் சீட்டில் இருந்தவர்களை எழுப்பினார். பொம்பளைகள் இரண்டு பேர் இறங்கி வந்து அவளைத் தாங்கி ஏற்றினார்கள். என் மனைவி ஏறினாள். மருமகன் படியில் காலை வைத்தார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"நீங்க வண்டிகிட்ட இருங்க மாப்ள."

"மாமா, நான் அவகூட..."

"ஒங்க கம்பிய யாராச்சும் தூக்கிட்டுப் போயிருவாங்க. இருங்க."

அவருடைய கால் படியிலிருந்து இறங்கியது. நான் ஏறினேன். பஸ் எங்கும் நிற்காமல் போனது. அந்த மினி பஸ் ஆடிய ஆட்டம் என் கார் ஜென்மத்தில் ஆடியதில்லை. மகள் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தாள். ரோட்டோரம் பானட் திறந்த காரும் பக்கத்தில் அவரும் சின்னதாகிக்கொண்டே போனதை நானும் பார்த்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை.

பிரசவ வார்டுக்குள் போகும் முன் அவள் என்னிடம் சொன்னது ஒன்றுதான். "அவர ஏம்ப்பா விட்டுட்டு வந்தீங்க? பிள்ள மொகத்த அவருதானே மொதல்ல பாக்கணும்." கதவைச் சாத்திவிட்டார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம் என்று நர்ஸம்மா சொன்னபோது, அங்கேயே சுவரைப் பார்த்து நின்று முருகா முருகா என்று அழுதேன். துணியில் சுற்றி என் மனைவி கையில் கொடுத்த நேரத்தில் வராந்தாவின் கோடியில் மருமகன் வந்துகொண்டிருந்தார். யாரோ ஒருத்தர் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டிருக்கிறார். சட்டையெல்லாம் கிரீஸ். கையில் அந்தச் சிவப்புக் கம்பி, பொட்டோடும் கயிற்றோடும்.

ஸ்பேனர் இல்லாமல் எப்படிக் கழட்டினீர்கள் என்றுதான் முதலில் கேட்டேன். குழந்தை பிறந்ததைக்கூடச் சொல்லவில்லை.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கையாலயே வந்திருச்சு மாமா."

இரண்டு பக்கமும் கையாலேயே வந்திருக்கிறது. அந்த ஒரு வார்த்தையில் நான் ரோட்டில் பட்டதைவிட அதிகம் பட்டேன். கத்த வேண்டும் என்று வாய் திறந்தேன். அதற்குள் என் மனைவி குழந்தையை அவர் பக்கம் நீட்டிவிட்டாள். அவர் கம்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார். ஓடிப்போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து பிள்ளையை வாங்கினார். அவர் அழுத அழுகையில் நான் கத்த வந்ததைக் கத்த முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "அது என்னண்ணே, தொட்டில் கட்டுற கம்பியா?" என்று கேட்டது. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் எங்கள் மெக்கானிக் போய்ப் பழையபடி நட்டுகளைப் போட்டு, தொலைந்த ஒன்றுக்குப் புதுசும் போட்டு வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். கம்பி தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் கடையில் கிடக்கிறது. லீவு முடிந்து போகும்போது மருமகன் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. மகள் என்னோடு சரியாகப் பேச நாளானது. ரோட்டில் அவரை விட்டதற்கு நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இனியும் கேட்பேன் என்று தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைக் கூட்டிவரப் புறப்பட்ட காலையில் நான் பானட்டைத் திறந்து ஆறு நட்டையும் ஸ்பேனர் போட்டு ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெக்கானிக் முறுக்கியதுதான். இருந்தாலும் பார்த்தேன். என் மனைவி தட்டில் எலுமிச்சையும் கற்பூரமும் எடுத்துக்கொண்டு வந்தாள். வழக்கம்போல நேரே சக்கரத்துக்குக் குனியவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"முடிஞ்சிருச்சாங்க?"

இதை அன்றைக்கே கேட்டிருந்தால் என்று நாக்கு நுனிவரை வந்தது. இன்னும் ஒரு நட்டு பார்க்க வேண்டியிருந்தது. இல்லை, இரு என்றேன். அவள் தட்டைப் பிடித்துக்கொண்டு, தீக்குச்சியைக் கிழிக்காமல், நின்றாள்.